மாடில்லாத வீட்டுக்குக் கழுநீர்

1. ஆனி மாதத்தில் அம்மா ஓசூருக்குப் போனாள். அங்கே அண்ணன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது.

2. போவதற்கு முன் இரண்டு மாடுகளையும் விற்றோம்.

3. மாடு போனதும், கொல்லையில் இருக்கும் சாண எரிவாயுத் தொட்டிக்குச் சாணம் இல்லாமல் போனது.

4. நான் எதிர்வீட்டில் கழுநீர் கேட்டேன்.

5. ஆவணியில் எங்கள் தெருவில் ஒரு காதுகுத்து நடந்தது. மிஞ்சிய விருந்து முழுவதும் தொட்டிக்குள் போனது.

6. தொட்டியின் டிரம் அதுவரை இல்லாத உயரத்துக்கு ஏறி நின்றது. அடுப்பு பற்றவில்லை.

7. பொங்கலுக்கு அம்மா வந்தாள்.

பழுது பார்க்கப் போகிற வீடுகளில் நடந்ததை இப்படி எண் போட்டு எழுதிக் கொடுப்பது என் வேலையில் வந்த பழக்கம். எதற்குப் பின் எது என்பது தெளிவாக இருக்கும். ஏன் என்பதற்கு அந்தத் தாளில் இடம் கிடையாது. அந்த இடத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மின்பொறியியல் படித்துவிட்டு, புதுக்கோட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். வீட்டு மாடிகளில் சோலார் பேனலும் சோலார் வெந்நீர்த் தொட்டியும் பொருத்துகிறோம். எங்கள் ஊர் ஆலங்குடி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் முந்திரி, மறுபக்கம் தென்னை. அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் அம்மாவும் நானும் இரண்டு மாடுகளும் இருந்தோம். அண்ணன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். அண்ணியும் வேலைக்குப் போகிறவள்.

சாண எரிவாயுத் தொட்டி அப்பா கட்டியது. பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். தரையில் கிணறு போல ஒரு செங்கல் குழி. அதன்மேல் ஒரு பெரிய இரும்பு டிரம்மைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். சாணத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு பக்கம் ஊற்ற வேண்டும். உள்ளே அது நொதித்து வாயு உண்டாகும். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும். குழாய் வழியாகச் சமையலறைக்குப் போய் அடுப்பு எரிய எரிய டிரம் இறங்கும். வேலைமுடிந்த கரைசல் மறுபக்கம் வழிந்து தென்னைக்குப் போகும்.

எங்கள் கொல்லை தெருமுனைக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. வேலிக்கு மேலே டிரம் எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு அத்தை எங்கள் வீட்டில் உலை வைத்தாயிற்றா, குழம்பு இறக்கியாயிற்றா என்பதை டிரம்மைப் பார்த்தே சொல்வார். "ஒங்க வீட்டுல இன்னைக்குக் கறியா? டிரம்மு இம்புட்டு எறங்கிக் கெடக்கே?" என்று கேட்டு அம்மாவைச் சிரிக்க வைப்பார். அத்தை எங்களுக்கு ரத்த உறவு இல்லை. தெருவில் அம்மா வயதுப் பெண்கள் எல்லோரும் எனக்கு அத்தைதான். ஆனால் எதிர்வீட்டுக்காரரை மட்டும் அடைமொழி இல்லாமல் அத்தை என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

அம்மா ஓசூருக்குக் கிளம்பியபோது அண்ணன் ஒரு யோசனை வைத்திருந்தான். வீட்டைப் பூட்டிவிட வேண்டும். நான் புதுக்கோட்டையில் பெண்கள் விடுதியில் தங்கிக்கொள்ள வேண்டும். அம்மா இனி அவனோடு இருப்பாள். அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை.

"கேஸு எரியிற வரைக்கும் வீடு கெடக்கட்டும்டா. தொட்டி செத்துப்போச்சுன்னா குழிய மொத்தமா அள்ளிக் கொட்டிட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். அத இனிமே யாரு செய்யிறது? அப்படி ஆனா பூட்டிக்கலாம். பொங்கலுக்கு வாரேன், பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றாள்.

எனக்கு அது நிபந்தனையாகக் கேட்கவில்லை, வாக்காகக் கேட்டது. அடுப்பு எரிந்தால் அம்மாவுக்குத் திரும்பி வர ஒரு சமையலறை இருக்கும். பொங்கலுக்கு வருகிறவள் பிறகு போக மாட்டாள். குழந்தை அதற்குள் நடக்க ஆரம்பித்துவிடும், அண்ணன் ஒரு ஆயாவைப் பார்த்துக்கொள்வான். இப்படி வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். என் வேலை தொட்டியைப் பொங்கல்வரை உயிரோடு வைத்திருப்பது.

மாடுகளை அடுத்த தெரு மாமா வாங்கினார். எங்கள் பக்கம் மாட்டைக் கயிற்றோடு கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவந்து மாற்றிக் கட்டி ஓட்டிப் போக வேண்டும். பழைய கயிறு, மாட்டை விற்றவர் வீட்டிலேயே இருந்தால் அந்த வீட்டுக்கு மறுபடியும் மாடு வரும் என்பார்கள். அம்மா இரண்டு கயிறுகளையும் சுருட்டிக் கொட்டகை ஆணியில் மாட்டினாள். அதைப் பார்த்ததும் என் வரிசையில் இன்னொன்றும் சேர்ந்தது. பொங்கலுக்குப் பிறகு ஒரு மாடாவது வாங்கலாம்.

அம்மா போன முதல் வாரம் டிரம் மெல்ல இறங்கியது. பால் கொதிக்க நேரமாயிற்று. நான் எனக்கு மட்டும் வடிக்கிற சோற்றில் கழுநீர் ஒரு செம்பு வரும். ஒரு கத்தரிக்காய்க் காம்பு, ஒரு வெங்காயத்தோல், டீத்தூள். இவ்வளவுதான் என் வீட்டின் ஒருநாள் மிச்சம். ஒரு குடும்பத்துக்கும் மாடுகளுக்கும் சேர்த்துக் கட்டிய தொட்டி அது. அதில் என் செம்பை ஊற்றும்போது சத்தம்கூட வரவில்லை.

அந்த நாட்களில் குடுமியான்மலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போனேன். பெரிய மாடி வீடு. குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறார்கள். சாவி வைத்திருந்த பெண் கதவைத் திறந்துவிட்டுத் தன் ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டாள். மாடியில் பேனல்கள் மேல் தூசியும் மைனா எச்சமும். கழுவிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. உற்பத்தியாகிற மின்சாரம் முழுவதும் தெருக் கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் தொலைபேசியில் மகிழ்ச்சியாகப் பேசினார். தன் வீடு நன்றாக வேலை செய்கிறது என்று அவருக்குக் கைபேசியில் தெரிகிறதாம். பேனலுக்கு ஆள் வேண்டாம். பூட்டிய வீட்டில்தான் அது இன்னும் நல்ல கணக்குக் காட்டும். சாணத் தொட்டி அப்படி இல்லை. அதற்கு வீட்டில் யாராவது தின்று மிச்சம் வைக்க வேண்டும். பேருந்தில் திரும்பும்போது இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும் நேராக எதிர்வீட்டுக்குப் போனேன்.

எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கழுநீருக்கும் ஒரு மாட்டு வீடு உண்டு. அரிசி கழுவிய தண்ணீர், மிஞ்சிய கஞ்சி, காய்த்தோல் எல்லாம் வாசலோரம் ஒரு வாளியில் சேரும். மாட்டு வீட்டார் எடுத்துக்கொள்வார்கள். பதிலுக்கு மோர் வரும், மாடு கன்று போட்டால் சீம்பால் வரும். எதிர்வீட்டு வாளி பல வருடங்களாக எங்களுக்கு வந்தது. மாடுகளோடு சேர்ந்து வாளியும் அடுத்த தெரு மாமாவுக்குப் போயிருந்தது.

"கழனித்தண்ணியா? ஒனக்கா?" என்றார் அத்தை.

"ஆமா அத்தை. பாதி கொடுத்தாக்கூடப் போதும்."

"மாட்டத்தான் வித்தாச்சே. நீ குடிக்கப் போறியா?"

"சாணி கேஸுத் தொட்டிக்கு அத்தை. சாணி இல்லன்னாலும் இத ஊத்துனா ஓடும்."

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அவர் மருமகள் தலையைக் குனிந்து சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏத்தா இஞ்சினியரு, மாட்டுக்கு ஊத்துனா மோரு வருது. ஒன் டிரம்மு என்னத்தக் கறக்கும்?"

"டீ போட்டுத் தரும்."

"அந்த டீக்குப் பாலு எங்கிட்டிருந்து வரும்? அதுக்கும் மாட்டு வீட்டுக்குத்தானே போகணும்? போ போ, ஒன் டிரம்முக்கு மொதல்ல கொம்பு மொளைக்கட்டும், அப்பறம் தாரேன்."

மறுநாள் காலை என் வாசலில் ஒரு வாளி இருந்தது. மேலே தட்டு கவிழ்த்து மூடியிருந்தது. எதிர்வீட்டு வாசல் திண்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "வெள்ளிக்கிழம மட்டும் கேக்காத. வெள்ளிக்கிழம வீட்டுலேருந்து ஒண்ணும் வெளிய போகக்கூடாது."

இப்படியாக எங்கள் தொட்டி வெள்ளிக்கிழமை விரதம் இருக்கத் தொடங்கியது. மற்ற நாட்களில் காலைப் பேருந்துக்கு முன் காய்த்தோல்களை நறுக்கி, கழுநீரில் கரைத்து ஊற்றுவேன். மறுபக்கம் வழிகிற கரைசலை ஒரு வாளியில் பிடித்து அத்தையின் கத்தரிச் செடிகளுக்குக் கொண்டு போவேன். மோருக்குப் பதில் அது. டிரம் ஒரு முழம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீடியோவில் கூப்பிடுவாள். முதல் கேள்வி எப்போதும் அதுதான்: "அடுப்பக் காட்டுத்தா." நான் கைபேசியை அடுப்புக்கு நேரே பிடிப்பேன். நீலச் சுடர். அம்மா கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு குழந்தை அழும், அவள் எழுந்து போய்விடுவாள். திரையில் ஓசூர் வீட்டின் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆவணியில் அத்தையின் பேரனுக்குக் காதுகுத்து. அன்று எனக்கு ஜெகதாப்பட்டினத்தில் வேலை இருந்தது. கடற்கரை ஓரத்து வீட்டில் உப்புக்காற்றுப்பட்டு பேனல் கம்பிகள் துருப்பிடித்திருந்தன. வர முடியாது என்று அத்தையிடம் முதல்நாளே சொல்லியிருந்தேன். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. வெளியூர் விருந்தாளிகளில் பாதிப்பேர் வரவில்லை.

சாயங்காலம் நான் வந்து சேர்ந்தபோது அத்தை என் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தார். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். முகமெல்லாம் பெருமை.

"இன்னைக்கு ஒன் டிரம்முக்கு விருந்துத்தா! சோறு, சாம்பாரு, ரசம், பாயசம், ஒண்ணு விடல. எலை போடாததுதான் கொறை. அடுத்த தெரு மாமா மாட்டுக்குக் கேட்டாக. நாந்தான் சொன்னேன், இல்ல, அந்தப் புள்ள ஒத்தையா கெடந்து ஒரு வாளிக்கு அல்லாடுது, எல்லாத்தையும் அங்கிட்டே ஊத்துங்கடான்னு."

கொல்லையில் நான்கு அண்டாக்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. கரைக்கிற தொட்டியின் விளிம்பில் ஒரு முந்திரிப் பருப்பு ஒட்டியிருந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தொட்டிக்குள் இரண்டு வகை நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஒரு வகை உணவைச் சிதைத்து அமிலமாக்கும். இன்னொரு வகை அந்த அமிலத்தை எரிகிற வாயுவாக்கும். முன்னது வேகமாக வேலை செய்யும், பின்னது நிதானமாக. சோறும் பாயசமும் அண்டா அண்டாவாக ஒரே நாளில் போனால் முன்னது பாய்ந்து வேலையை முடித்துவிடும். அமிலம் பெருகி, நிதானமானவை செத்துப்போகும்.

அத்தையிடம் என்ன சொல்வது? "நன்றி அத்தை" என்றேன். அவர் எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் டிரம் ஏறத் தொடங்கியது. எங்கள் நினைவில் இல்லாத உயரத்துக்கு ஏறியது. தெருவில் போகிறவர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். "பாத்தியா? சோறு போட்டா ஏறாதா?" என்றார் அத்தை. நான் உள்ளே போய் அடுப்பைத் திருகினேன். வாயு சீறிக்கொண்டு வந்தது. தீக்குச்சியைக் கிட்டே கொண்டு போனால் குச்சி அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது. வருகிற வாயுவில் பெரும்பகுதி எரியாத வாயு. புதுக்கோட்டையில் ஆய்வகப் பொருள் விற்கிற கடையில் நிறம் மாறும் தாள் வாங்கி வந்து கரைசலில் நனைத்துப் பார்த்தேன். புளிப்பு என்றது தாள். மூக்குக்கே தெரிந்ததுதான்.

டிரம்மின் உயரம் எவ்வளவு வாயு என்று சொல்லும். என்ன வாயு என்று சொல்லாது. இதைத் தெருவில் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கரண்ட் அடுப்பில் சமைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அம்மா கேட்டாள்: "அடுப்பக் காட்டுத்தா."

"எரியலம்மா. புளிச்சுப்போச்சு."

பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. "நான் அப்பயே சொன்னேன்ல. அங்க ஒத்த ஆளா கெடந்து என்ன பண்ணப் போறா? பூட்டிட்டுப் பேசாம ஹாஸ்டல் பாக்கச் சொல்லும்மா."

"பொங்கலுக்கு இன்னும் நாளு இருக்குடா" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "நீ சாப்பிட்டியா?" என்றாள்.

இந்தக் கேள்வியை அதே வாரம் இன்னொருவரும் கேட்டார். வேலை முடிந்து வந்து பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். தெருவைத் தாண்டி அத்தையின் குரல் வந்தது.

"ஏத்தா, இங்கிட்டு வா. ஒரு வாரமாப் பாக்குறேன், டிரம்மு எறங்கவே இல்ல. நீ சோறு ஆக்குறியா இல்லையா? ஒத்தையா இருக்கோம்னு பட்டினி கெடக்குறியா?"

அந்தத் தெருவில் என் அடுப்பு எரியவில்லை என்பதை ஒருவர் கவனித்திருக்கிறார். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டேன். பிறகு போய் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அத்தையின் முகம் மாறிவிட்டது.

"நல்லதுன்னு நெனச்சுத்தான்த்தா ஊத்துனோம்."

"தெரியும் அத்தை. பச்சப்புள்ளைக்கு ஒரேயடியா விருந்து வச்ச மாதிரி ஆயிருச்சு. வேற ஒண்ணுமில்ல."

"அதுக்குன்னு வாயத் தொறந்து சொல்லக்கூடாதா? ஒரு வாரமா நானும் பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே" என்றவர் உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு சில நாட்கள் திண்டில் உட்காரவில்லை. வாளியும் வரவில்லை. கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதுதான். தொட்டிக்கு இப்போது எதுவும் ஊற்றக்கூடாது. ஆனாலும் காலையில் கதவைத் திறந்ததும் வாசலைப் பார்த்துக்கொண்டேன்.

செய்ய வேண்டியவை என்று நான் நினைத்தது மூன்று. கெட்ட வாயுவைத் திறந்தவெளியில் விட்டுவிட வேண்டும். புளிப்பைச் சாம்பலோ சுண்ணாம்போ கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குறைக்க வேண்டும். உயிருள்ள சாணக்கரைசல் ஊற்றி, நிதானமான நுண்ணுயிர்களை மறுபடி குடியேற்ற வேண்டும்.

முதலாவதைச் செய்தேன். டிரம் பெருமூச்சு விடுவது போல இறங்கியது. அதைப் பார்த்தாரோ என்னவோ, மறுநாள் காலை வாசலில் ஒரு சிமெண்டுச் சாக்கு இருந்தது. உள்ளே சலித்த விறகுச் சாம்பல். முதல்நாள் நான் அத்தையிடம் சாம்பல் கேட்கவில்லை, அவர் மருமகளிடம்தான் கேட்டிருந்தேன். அத்தை கத்தரிச் செடிக்கு நடுவில் குனிந்து நின்றிருந்தார். பார்க்கவில்லை என்பது போல.

மூன்றாவதற்கு மாடு வாங்கிய மாமாவிடம் போனேன்.

"சாணியா? மாட்டோட சாணியும் சேத்துத்தானே வித்தீங்க?" என்றார் மாமா, பல் குத்திக்கொண்டே.

"மாட்டத்தான் வித்தோம் மாமா. சாணியப் பத்திப் பேசவே இல்லையே."

"ஒங்கம்மா பேச்சு அப்படியே வருது ஒனக்கு. எடுத்துக்கத்தா, எம்புட்டு வேணுமோ எடுத்துக்க. எங்களுக்கும் அள்ளுற வேலை மிச்சம்."

கொட்டகைக்குள் போனேன். செவலை நின்றுகொண்டிருந்தது. கன்றுக்குட்டியாக இருந்தபோது நான் பள்ளி விட்டு வந்து தடவிக் கொடுத்த மாடு. என்னைப் பார்த்தது. பிறகு வைக்கோலுக்குத் திரும்பிக்கொண்டது. நான் அதன் காலடியில் சாணத்தை அள்ளி வாளியில் நிரப்பி, வீட்டு ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி மழை நிற்காமல் பெய்தது. குளிரில் தொட்டி சோம்பிப்போகும். ஒரு குடத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து மாடியில் வைத்தேன். வெயில் எட்டிப் பார்த்த நாட்களில் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாகும். அதில் சாணத்தைக் கரைத்து ஊற்றினேன். டிரம்மைச் சுற்றி வைக்கோலை அடுக்கித் தார்ப்பாய் கட்டினேன். ஊரெல்லாம் வெந்நீர்த் தொட்டி பொருத்துகிறவள், ஒரு குழிக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தேன். பேச ஆள் இல்லாத வீட்டில் ஒரு வசதி, இதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்ததும் அடுப்பைத் திருகி ஒரு குச்சி கிழிப்பேன். அது அணைந்ததும் மூடிவிட்டுக் கை கழுவுவேன்.

கார்த்திகையில் ஒரு மாலை குச்சி அணையவில்லை. பற்றி, மஞ்சளாக ஒருமுறை எழும்பி, உட்கார்ந்து, நீலமானது. விளிம்பில் லேசாக நடுங்கியது.

அடுப்பில் வைக்க ஒன்றும் தயாராக இல்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். அது கொதிக்கும்வரை நின்று பார்த்தேன். ஓடிப்போய் அத்தையிடம் சொல்லலாம் என்று வாசலுக்கு வந்தேன். எதிர்வீடு பூட்டியிருந்தது, கோயிலுக்குப் போயிருந்தார்கள். அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி வந்தது: குழந்தை இப்போதுதான் தூங்குகிறது, பிறகு பேசுகிறேன். நான் அந்த வெந்நீரை டம்ளரில் ஊற்றி ஆற்றிக் குடித்தேன். டீத்தூள் இருந்தது. போடத் தோன்றவில்லை.

மறுநாள் டிரம் கொஞ்சம் இறங்கியிருந்ததை அத்தை பார்த்துவிட்டார். வியாழக்கிழமை. வாளி வாசலுக்கு வந்தது. பாதி மட்டும்.

"இனிமே நீ சொன்ன அளவுதான். ஒரு கரண்டிகூட எச்சா ஊத்த மாட்டேன். என் மேல சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்றேன்."

"கொம்பு மொளச்சிருச்சு அத்தை" என்றேன்.

"வாயப் பாரு" என்றார். அன்றுமுதல் மறுபடியும் திண்டில் உட்கார்ந்தார்.

பொங்கலுக்கு முதல்நாள் அம்மாவும் அண்ணன் குடும்பமும் வந்தார்கள். வீடு நிறைந்தது. அம்மா பையை வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனாள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே வந்து தானே அடுப்பைப் பற்ற வைத்தாள். டீ போட்டாள். சுடரை ஏற்றினாள், குறைத்தாள், மறுபடி ஏற்றினாள். நான் கதவோரம் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாவே எரியுதே. நான் இருந்தப்பகூட இம்புட்டு நீலமா எரியாது."

"சாணியவிட இதுல கேஸு அதிகம்மா. அளவா ஊத்தணும், அவ்வளவுதான்" என்றேன்.

அம்மா அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "பூட்ட வேணாம்டா. அவ பாத்துக்கிறா."

நான் கேட்க விரும்பிய சொற்களில் பாதி அதில் இருந்தது. மீதிப் பாதிக்காகக் காத்திருந்தேன்.

பொங்கலை வாசலில் விறகு வைத்துத்தான் பொங்கினோம். பானையை எரிவாயு அடுப்பில் வைக்க அம்மா ஒருபோதும் சம்மதித்ததில்லை. குழந்தை அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவில்லை. நான் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவிடம் தாவியது. ஒரு வார்த்தைதான் பேசுகிறது. அதுவும் அம்மாவைக் கூப்பிடுகிற வார்த்தை.

மறுநாள் மாட்டுப்பொங்கல். காலையில் கொல்லைப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுப் போனேன். அம்மா கொட்டகை ஆணியிலிருந்து இரண்டு கயிறுகளையும் எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மஞ்சள் தடவினாள். தட்டில் வாழைப்பழம், கரும்பு, பொங்கல் வைத்து, மேலே கயிறுகளைச் சுருட்டி வைத்தாள்.

"எங்கம்மா எடுத்துட்டுப் போற?"

"மாமா வீட்டுக்கு. மாட்டைப் பாத்துட்டு வாரேன்."

"கயிறு எதுக்கு?"

"நல்ல கயிறுத்தா. இங்கன சும்மா தொங்கி இத்துப்போகுது. அவுகளுக்காச்சும் ஒதவும்." தட்டைத் தூக்கிக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "நீ இருக்கியா, நான் பயமில்லாம இருக்கேன். இல்லன்னா இந்த வீட்ட நெனச்சே எனக்கு அங்க தூக்கம் வராது."

நான் அவளோடு போகவில்லை. அண்டா கழுவ வேண்டியிருந்தது. அடுப்பு அணைந்திருந்தால் அம்மா வீட்டைப் பூட்டிவிட்டு அழுதிருப்பாள். எரிந்ததால் நிம்மதியாகப் போகிறாள். இதை நான் ஆனி மாதத்திலேயே கணக்கில் எடுத்திருக்க வேண்டும். அப்போது எனக்கு அது எட்டவில்லை.

அன்று மாலையே அவர்கள் கிளம்பினார்கள். கார் தெருமுனை திரும்பும்வரை அத்தையும் நானும் நின்றோம். "சாப்பிட வாரியா?" என்றார் அத்தை. மிச்சப் பொங்கல் இருக்கிறது என்றேன். "இருந்தா நீ தின்னு. டிரம்முக்குப் போட்டுறாத" என்றார்.

இப்போதைய நிலை இது. தொட்டி வேலை செய்கிறது. காலை டீக்கும் ஒரு வேளைச் சோறு, குழம்புக்கும் வாயு போதும். மீதிக்குக் கரண்ட் அடுப்பு இருக்கிறது. கழுநீர் எதிர்வீட்டிலிருந்து வருகிறது, வெள்ளிக்கிழமை தவிர. சாணம் மாதம் ஒருமுறை மாமா வீட்டிலிருந்து எடுத்து வருகிறேன். கொட்டகை ஆணியில் கயிறு இல்லை. அம்மா ஓசூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாள். அடுப்பைக் காட்டச் சொல்வதில்லை. வீட்டைப் பூட்டவில்லை, நான் இருக்கிறேன்.